தொட்டிச் செடி கணக்கில் வராது

தொட்டியில் இருக்கும் செடி கணக்கில் வராது. மண்ணில் இறங்கியிருந்தால்தான் பயிர். ஹேக் லேன் குத்தகைத் தோட்டங்களின் விதிப் புத்தகத்தில் ஒன்பதாவது விதி இது. எழுதியவள் நான்தான். ஒரு வருடம் ஒரு மகராசன், கமிட்டி சுற்றிப் பார்க்க வருவதற்கு முந்தின நாள் கடையிலிருந்து நாற்பது பூந்தொட்டிகளை வாங்கி வந்து களைகளுக்கு நடுவே அடுக்கி வைத்தான். திங்கட்கிழமை அத்தனையையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று சாயங்காலமே உட்கார்ந்து அந்த விதியை எழுதினேன். என் பெயர் மேவிஸ். இருபத்திரண்டு வருடம் அங்கே செயலாளராக இருந்தேன். முதுகுக்குப் பின்னால் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். பெரும்பாலும் சரியாகத்தான் பேசுவார்கள்.

எங்கள் யார்க்‌ஷயர் மலைச் சரிவில் நாற்பத்திரண்டு துண்டு நிலம். நகராட்சிக்குச் சொந்தம், பாடுபடுவது நாங்கள். ஒரு துண்டு கிடைக்க ஆறு வருடம் காத்திருக்க வேண்டும். அதனால்தான் மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையும் செப்டம்பரில் ஒருமுறையும் கமிட்டி அட்டையும் பென்சிலுமாகச் சுற்றி வரும். நிலத்தில் முக்கால் பங்கு பயிர் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு கடிதம் போகும். இரண்டாவது கடிதம் போனால் நிலம் போச்சு.

பதினேழாம் எண் நோரீனுடையது. இருபத்தாறு வருடம் அந்தத் துண்டை அவள் வைத்திருந்த விதத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது; பொய் சொல்வானேன்? அவளுடைய பீன்ஸ் கொடி கண்காட்சியில் பரிசு வாங்கும். என்னுடையதில் செடிப்பேன் விழும். பிறகு அவளுக்கு மறதி நோய் வந்தது. முதலில் சாவி மறந்தது, அப்புறம் பெயர்கள், அப்புறம் புருஷன். வில்ஃப் முப்பது வருடம் பஸ் ஓட்டியவன். அவனை அவள் கடைசிவரை டிரைவராக மட்டும் ஞாபகம் வைத்திருந்தாள்.

"இந்த டிரைவர் தங்கமானவர். டிக்கெட்டே கேக்கறதில்ல" என்று என்னிடம் ஒருநாள் ரகசியமாகச் சொன்னாள்.

"கேட்டா மட்டும் குடுத்துடுவியாக்கும்" என்றான் வில்ஃப் பக்கத்தில் நின்றுகொண்டு. சிரித்தான். கண் சிரிக்கவில்லை.

வீட்டில் அவளை வைத்துக்கொள்வது பெரும்பாடு. கதவைப் பிடித்து உலுக்குவாள், வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுவாள், தடுத்தால் அறைவாள். வில்ஃபின் கன்னத்தில் நகக்கீறல் இல்லாத வாரம் கிடையாது. ஆனால் பின்சந்து வழியாக மூன்று நிமிடம் நடந்து தோட்டத்துக்குள் காலை வைத்துவிட்டால் போதும், அடங்கிவிடுவாள். மண்ணைப் பிடித்துப் பார்ப்பாள், களை பிடுங்குவாள், பாட்டு முனகுவாள். வீட்டுக்கு வரும் நர்ஸ் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடச் சொல்லி மூன்று முறை காகிதம் கொடுத்துவிட்டாள். வில்ஃப் மூன்றையும் அடுப்பில் போட்டான்.

"தோட்டம் இருக்கிறவரைக்கும் நான் சமாளிச்சுடுவேன், மேவிஸ். அது போச்சுன்னா என்னால முடியாது. அவளைக் கொண்டுபோய் விட்டுட வேண்டியதுதான்" என்றான். இதை அவன் என்னிடம் நேருக்கு நேர் சொன்னான். தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

போன செப்டம்பரில் பதினேழாம் எண்ணுக்கு முதல் கடிதம் போயிருந்தது. இடுப்பளவு களை. கடிதத்தில் இருந்தது என் கையெழுத்து.

ஏப்ரல் தொடக்கத்தில் அவன் என் கொட்டகை வாசலில் வந்து நின்றான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"எனக்குச் செடியும் தெரியாது கொடியும் தெரியாது. கொஞ்ச வேலையில நிறைய இடத்தை அடைக்கிற மாதிரி ஒண்ணு சொல்லு."

"சுக்கினி போடு" என்றேன். "பூசணி ஜாதி. ஒரு செடி ஒரு கஜம் இடத்தைப் பிடிச்சுக்கும். நடக்க வழி விட்டு, முப்பத்தாறு வச்சா உன் நிலம் முழுக்க ஆச்சு."

"முப்பத்தாறா?"

"ஆகஸ்ட்ல உன்னைத் தெருவுல பாத்தா ஜனங்க கதவைச் சாத்திக்குவாங்க. யார் வீட்டு வாசல்லயாவது ராத்திரியோட ராத்திரியா வச்சிட்டு ஓடணும். அது உன் பாடு."

அவனுக்கு விதை கொடுத்ததும் நான்தான். விதையைப் படுக்க வைக்காதே, அழுகிவிடும், விளிம்பில் நிறுத்தி வை என்று காட்டிக் கொடுத்தேன். வீட்டு ஜன்னல்களிலெல்லாம் சின்னத் தொட்டிகள் ஏறின. சும்மா சொல்லக் கூடாது, முப்பத்தாறும் முளைத்தன. ஏப்ரல் கடைசியில் முள் முளைத்த மாதிரி ஓரம் வெட்டிய மூன்றாவது இலை வந்ததும் எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தான். அன்றைக்கே நட்டுவிடலாம் என்று மண்வெட்டியோடு நின்றவனைப் பார்த்து நான் போட்ட சத்தம் ரெயில் நிலையம்வரை கேட்டிருக்கும்.

"கொலைகாரா! ஜன்னல் ஓரத்துல வெதுவெதுன்னு வளந்த குழந்தையைக் கொண்டுவந்து காத்துல போட்டா என்ன ஆகும்? வெளியில இருக்கப் பழக்கணும். முதல் நாள் நிழல்ல ரெண்டு மணி நேரம். மறுநாள் நாலு. அப்புறம் பகல் பூரா. ராத்திரி மட்டும் கொட்டகைக்குள்ள. காலையில வெளியே, சாயங்காலம் உள்ளே. ரெண்டு வாரம் தள்ளிக்கூட உடனே மண்ணுல வைக்காதே. இந்த மலையில மே கடைசிவரைக்கும் உறைபனி வரும். ஒரு ராத்திரி போதும், அத்தனையும் கறுத்துக் கூழாயிடும்."

"காலையில வெளியே, சாயங்காலம் உள்ளே" என்று நோரீன் சொன்னாள்.

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். அவள் முழுசாக ஒரு வாக்கியம் பேசி மாதக்கணக்காகியிருந்தது.

அதற்குப் பிறகு அந்த வேலையை வில்ஃப் தொடவே முடியவில்லை. காலையில் வந்ததும் கொட்டகையைத் திறந்து, ஒவ்வொரு தொட்டியாக இரண்டு கையாலும் ஏந்தி நடைபாதை ஓரத்தில் வைப்பாள். முப்பத்தாறு நடை. வெயில் இறங்கினதும் மறுபடி முப்பத்தாறு நடை உள்ளே. வில்ஃப் நேரம் மிச்சமாகட்டும் என்று கைக்கு ஒன்றாக இரண்டு எடுத்தால் கத்துவாள். எல்லாம் உள்ளே போன பிறகு இலைகளின்மேல் செய்தித்தாளைப் போர்த்தி, ஓரத்தைச் செருகிவிடுவாள். பிள்ளை பெறாதவள் அவள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை.

"நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினா மேவிஸ்" என்றான் வில்ஃப். "கதவை உலுக்கல. என்னை அடிக்கல. பத்து நாளா ஒரு அடிகூட இல்ல, பாரு" என்று கன்னத்தைக் காட்டினான். கீறல்களெல்லாம் காய்ந்து உதிர்ந்திருந்தன. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அந்த வருடம் இரண்டாவது ஞாயிறு பத்தாம் தேதியே வந்துவிட்டது. புதன்கிழமை காலை நான் அட்டையில் எண்களை எழுதிக்கொண்டே நடந்தபோது பதினேழாம் எண்ணில் மண் கொத்தி, உரம் போட்டு, அழகாகக் குழிக்கு அடையாளம் வைத்திருந்தது. செடியெல்லாம் தொட்டியில் பாதை ஓரம் உட்கார்ந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இதெல்லாம் மண்ணுல இருக்கணும், வில்ஃப்."

"நீதானே மே கடைசின்னு சொன்ன?"

"அது செடிக்குச் சொன்னது. இது கமிட்டிக்கு. தொட்டியில இருந்தா கணக்குல வராது."

"சனிக்கிழமை ராத்திரி உறைபனி வரும்னு ரேடியோவுல சொல்றான். ஒரே ஒரு வாரம் குடு. நிலத்தைப் பாரு, நானா சும்மா இருக்கேன்? உனக்கே தெரியுமே."

தெரியும். கண் முன்னால் கிடந்தது. ஆனால் அன்று எனக்கு முட்டி வலி, முப்பத்தொன்றாம் எண்காரியோடு காலையிலேயே தகராறு வேறு. எல்லோரும் என்னிடம் வந்து ஒரே ஒரு வாரம் கேட்டால் விதி எதற்கு என்று ஒரு வீம்பு. இன்றுவரை அதைவிடப் பெரிய காரணம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன். "நட்டுட்டு மூடி வை. நான் பாட்டில் தர்றேன்."

அடிப்பாகம் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில் ஒரு மூட்டை கொடுத்தேன், பெரிய தர்மப் பிரபுவாட்டம். செடிக்கு ஒன்றாகக் கவிழ்த்தால் லேசான பனியைத் தாங்கும்.

சனிக்கிழமை முழுதும் வில்ஃப் தனியாளாகக் குழி தோண்டி நட்டான். எழுபத்துமூன்று வயது. சாயங்காலம் முதுகை நிமிர்த்த முடியாமல் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாட்டில்களைக் கவிழ்த்தான். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மேகம் இல்லாத மே மாதச் சாயங்காலத்தைக் கண்டால் எங்கள் பக்கத்தில் யாரும் சந்தோஷப்பட மாட்டார்கள்.

வெயில் இறங்கியதும் நோரீன் எழுந்தாள். முதல் வரிசைக்குப் போய்ப் பாட்டிலை எடுத்து வைத்துவிட்டுச் செடியைப் பிடித்து மேலே இழுத்தாள்.

"ஐயோ, வேண்டாம் கண்ணு! அது இனிமே இங்கதான்" என்று வில்ஃப் ஓடினான்.

"உள்ளே" என்றாள் அவள். "சாயங்காலம் உள்ளே."

அவன் கையைப் பிடித்தான். அவள் அறைந்தாள்; நகம் கன்னத்தைக் கீறியது. பதினைந்து நாளுக்குப் பிறகு முதல் அடி. உள்ளே, உள்ளே என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து நிலங்களில் குனிந்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். நான் போய் இன்னொரு கையைப் பிடித்தேன். இருவருமாக அவளைச் சந்து வழியாக இழுத்துக்கொண்டு போனோம். வாசலில் வைத்து நான் சொன்னேன்:

"அதெல்லாம் பழகிடுச்சு நோரீன். ஒண்ணும் ஆகாது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு என்னை யாரென்று தெரிந்த மாதிரி பார்த்தாள்.

"குளிரும், மேவிஸ்" என்றாள்.

நான் வீட்டுக்குப் போய் டீ போட்டுக் குடித்தேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு என் உருளைக்கிழங்கு பிழைத்ததா என்று பார்க்கப் போனேன். புல்லெல்லாம் வெள்ளை, மிதித்தால் நொறுங்கியது. என்னுடைய உருளைச் செடி நுனி கறுத்துத் தொங்கியது. திட்டிக்கொண்டே பதினேழுக்கு நடந்தேன். அங்கே செடியே இல்லை. முப்பத்தாறு குழி. ஓரத்தில் பாட்டில்கள் ஒன்றுக்குள் ஒன்றாக ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எவனோ திருடிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நேரத்திலும் எனக்குத் திருட்டு ஞாபகம்தான் வந்தது.

கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. திறந்தேன்.

செடிகள் எல்லாம் உள்ளே இருந்தன. பலகைமேல், தரைமேல், கவிழ்த்த வாளிமேல். ஒவ்வொன்றின் வேரிலும் மண் கட்டி உதிராமல் செய்தித்தாளால் சுற்றியிருந்தது. ஒரு இலைகூட ஒடியவில்லை. ஜன்னல் பக்கம் இருந்தவற்றுக்குக் காகிதம் போதவில்லை போல. அதற்கு அவளுடைய கம்பளிச் சட்டையைப் போர்த்தி, ஓரத்தைச் செருகிவிட்டிருந்தாள். அவள் கதவுக்குப் பின்னால் தரையில், இரவு உடுப்போடு சாய்ந்திருந்தாள். காலில் செருப்பில்லை. விரல் நகமெல்லாம் மண்ணும் ரத்தமும். மண்வெட்டி எடுக்காமல் கையாலேயே தோண்டியிருக்கிறாள். தொட்டுப் பார்த்தேன். தொட்ட கையை எடுக்கத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வில்ஃப் தினமும் கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறவன். அன்று குழி தோண்டின களைப்பில் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. ஊரில் எல்லோரும் அந்தச் சாவியைப் பற்றித்தான் பேசினார்கள். பாவம், கிழவன் மறந்துவிட்டானே என்றார்கள். நானும் கூட நின்று தலையாட்டினேன்.

பதினொரு மணிக்குக் கமிட்டி வந்தது. ஆம்புலன்ஸ் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தலைவர் டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றிவிட்டு, "இன்னிக்கு யாருக்கும் மனசு சரியில்ல. ரெண்டு வாரம் தள்ளி வச்சுக்கலாம். என்ன சொல்றீங்க?" என்றார்.

எல்லோரும் சரி என்றார்கள். நானும் சரி என்றேன். அட்டையில் தேதியை அடித்துவிட்டு வேறு தேதி எழுதினேன். பென்சில்தான். எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. அட்டையால் முகத்தை மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவள் நான் நோரீனுக்காக அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் என் தங்கை புருஷன் கிளிஃப் குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தான். அவன் நிலம் வெறும் தரை. நான் அட்டையில் 'பயிர் உண்டு' என்று ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த எண்ணுக்கு நடந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து பத்தாம் நாள் வில்ஃபின் வீட்டுக்குப் போனேன். நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் இறந்தால் குத்தகை முடிந்துவிடும். ஆனால் பதினேழாம் எண்ணை அவனுக்கே கொடுப்பது என்று கமிட்டி ஒருமனதாக முடிவு செய்திருந்தது. அதைச் சொல்லத்தான் போனேன். நல்ல சேதி கொண்டு போகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போனேன்.

சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யவில்லை.

"எனக்கு எதுக்கு?" என்றான்.

"செடியெல்லாம் கொட்டகையில நல்லா இருக்கு, வில்ஃப். நான்தான் தண்ணி ஊத்திட்டு வர்றேன். இனிமே பனி இல்ல, நடலாம்."

"நட்டுக்கோ. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

எழுந்து கெட்டிலை அடுப்பில் வைத்தான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டான்.

"இன்ஸ்பெக்‌ஷனைத் தள்ளி வச்சுட்டீங்களாமே."

"ஆமா. ரெண்டு வாரம்."

"நகராட்சியில எழுதிக் கேட்டீங்களா?"

"இல்ல. அதெல்லாம் கேக்க வேண்டியதில்ல. டெஸ்மண்ட் சொன்னாரு. சரின்னோம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கெட்டில் விசிலடித்தது. இரண்டு கோப்பையில் ஊற்றினான். பால் விட்டான். எனக்கு இரண்டு சர்க்கரை என்பது அவனுக்கு ஞாபகம் இருந்தது. கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான்.

"நான் புதன்கிழமை கேட்டேனே, ஒரு வாரம். அப்பவும் அவ்வளவுதானா மேவிஸ்?"

பொய் சொல்லியிருக்கலாம். விதி அப்படி, என் கையில் ஒன்றும் இல்லை, நகராட்சிக்காரன் விட மாட்டான் என்று ஆயிரம் சொல்லலாம். அவன் நம்பியிருப்பான். அதைக் கேட்கத்தான் அவன் ஆசைப்பட்டானோ என்றுகூடப் பிறகு நினைத்திருக்கிறேன். ஆனால் அவன் கன்னத்தில் அந்தச் சனிக்கிழமைக் கீறலின் தழும்பு இன்னும் மறையாமல் இருந்தது. என்னால் முடியவில்லை.

"ஆமா, வில்ஃப்" என்றேன். "ஒரு டிக் போட்டிருந்தா போதும்."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சர்க்கரைக் கிண்ணத்தின் மூடியை எடுத்து மூடினான். இரண்டு தடவை சரி பார்த்தான்.

"டீயைக் குடிச்சுட்டுப் போ" என்றான். "இனிமே இங்க வராதே."

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் முழுவதையும் குடித்தேன்.